மிதிவண்டியில் பேத்தாவுக்கு

தோட்டத்துச் சாலையில் மிதிவண்டி ஓட்டுவது நமக்குப் புதிதன்று. ஆயினும், ஜொகூரின் கஹாங் நகரிலிருந்து கம்போங் பேத்தா வரையுள்ள ஏறத்தாழ 56 கிலோமீட்டர் வழி வேறுவகையானது. செம்பனைத் தோட்டங்களுக்கு அப்பால் காடு. அந்திப்பொழுதில் யானைகள் நடமாடுமாதலின், விடியலிலேயே புறப்பட்டுப் பகலிலேயே சேர்ந்துவிடல் வேண்டும். பாதையில் ஈரம் உலராத சாணத்தைக் கண்டால், மணியடித்து விரட்ட எண்ணாமல் அமைதியாகத் திரும்புவதே அறிவுடைமை. நனைந்த செம்மண்ணில் சக்கரத்தின் காற்றைச் சிறிது குறைத்தோமாயின், தரையைத் தொடும் பரப்பு அகன்று வழுக்குதல் குறையும். காற்றடிக்கும் பம்பையும் மறத்தலாகாது. காட்டில் பழுதுபார்க்கும் கடை ஏது?

பேத்தா, எண்டாவ் ஆற்றங்கரையில் ஜக்கூன் பழங்குடியினர் வாழும் சிற்றூர். எண்டாவ் ரொம்பின் தேசியப் பூங்காவின் வாயில்களுள் ஒன்றும் அதுவே. முன் அனுமதி பெற்றோர் அங்கே எளிய குடில்களில் இரவைக் கழிக்கலாம்.