குழாய்க் காற்றின் அழுத்தத்தை அளப்பது எப்படி?

மதுரைச் சமவெளியில் சித்திரை, வைகாசி மாதங்களில் உஷ்ணம் 40 பாகையை நெருங்கிக் காற்றின் ஈரம் வற்றிவிடுங்கால், ஹார்வி சகோதரர்கள் நிறுவிய ஆலை முதலாக இவ்வூரில் எழுந்த நூற்பாலைகளில் பருத்தியிழை முறுக்கும்போதே அறுந்துபோகாதிருக்க வேண்டுமானால், நீர் தெளித்துக் குளிர்வித்த காற்றை விசிறிகள் பெருந் தகரக் குழாய்களின் வழியே கூடமெங்கும் ஓயாது செலுத்தியாக வேண்டும். அது போதிய அளவில் செல்கிறதா என்பதைக் குழாயின் அழுத்தமே சொல்லும்.

அந்த அழுத்தமோ மிகச் சூக்ஷ்மமானது. வாயுமண்டலம் சுமார் 10 மீட்டர் உயர நீர்த்தம்பத்தைத் தாங்கவல்லது. குழாய்க் காற்றின் மிகுதி அழுத்தம் சில மில்லிமீட்டர் முதல் சில சென்டிமீட்டர் வரையிலான நீரையே உயர்த்தும். ஆகவே, நீர் பாதி நிரம்பிய ‘ப’ வடிவக் கண்ணாடிக் குழலின் ஒரு முனையைக் குழாய்ச் சுவரின் சிறு துவாரத்தில் இணைத்து, மறுமுனையை வெளிக்காற்றுக்குத் திறந்துவைத்தால், இருபுறத்து நீர்மட்ட வேற்றுமையே நிலையழுத்தத்தின் அளவு. அளக்கும் குழலைப் பத்துக்கு ஒன்று என்ற சரிவில் சாய்த்துவிட்டால், 1 மில்லிமீட்டர் ஏற்றம் 10 மில்லிமீட்டர் நகர்வாக விரிந்து தெரியும். எவ்வளவு அழகிய உபாயம்!

வேகத்தை அறியவோ, 1732-இல் ஹென்றி பீட்டோ ஸேன் நதியின் ஓட்டத்தை அளந்த முறைப்படி, காற்றை எதிர்நோக்கும் குழல் ஒன்று வேண்டும். அதன் வாயில் காற்று தடைப்பட்டு நிற்பதால் எழும் மொத்த அழுத்தத்திலிருந்து நிலையழுத்தத்தைக் கழித்தால் எஞ்சுவது வேக அழுத்தம்: வினாடிக்கு 10 மீட்டர் வேகத்துக்கு ஏறக்குறைய 6 மில்லிமீட்டர் நீர், வேகம் இருமடங்கானால் அது நான்கு மடங்காகும்.

காற்று செல்லும் வழியிலுள்ள வடிகட்டியைப் பஞ்சுத் தூசி அடைக்க அடைக்க, அதன் முன்னும் பின்னும் உள்ள அழுத்த வேற்றுமை வளர்வதால், இழை அறுவதற்கு முன்பே தொழிலாளி அதைக் கண்டு வடிகட்டியைச் சுத்தி செய்ய முடிகிறது.