கருவிலே தெரிந்த கழலை

இருபதாவது வாரத்து ஸ்கான் பரிசோதனைக்குப் போய்த் திரும்பிய நண்பரொருவரின் மனைவி மூன்று நாட்களாகச் சரியாக உண்ணவில்லை. வைத்தியர் கூறியவற்றுள் கணவருக்கு விளங்கியது "ரியூமர்" என்ற ஒரு சொல்லே. வீடு வந்து சேர்வதற்குள் அது புற்றுநோயாகிவிட்டது. அடுத்த முறை மொழிபெயர்ப்புக்காக என்னை அழைத்துச் சென்றார்கள்.

வைத்தியர் காட்டியது சிசுவின் வால் எலும்பை ஒட்டி வளர்ந்த ஒரு கழலை. தெரற்றோமா என்பது அதன் பெயர். ஏறத்தாழ 35,000 முதல் 40,000 பிறப்புகளுக்கு ஒன்று என்ற அளவிலேயே காணப்படுவது. பெண் சிசுக்களிடம் கூடுதலாகத் தோன்றுவது. பிறக்கும் வேளையில் இவற்றுட் பெரும்பாலானவை புற்றுத்தன்மை அற்றவை. நம் மொழியிலோ கொப்புளம் முதல் புற்று வரை எல்லாமே "கட்டி"தான். அச்சத்துக்கு இதுவும் ஒரு காரணம் என எண்ணுகிறேன்.

கருவைக் காட்டும் இக்கருவி கழலைகளைத் தேடியே மருத்துவத்துள் நுழைந்தது என்பது பலர் அறியாதது. 1955இல் கிளாஸ்கோவின் மகப்பேற்றியல் பேராசிரியர் இயன் டொனால்ட், சத்திரசிகிச்சையில் அகற்றிய கழலைகளைக் கொதிகலன் தொழிற்சாலையொன்றுக்கு எடுத்துச் சென்று, உலோகத்தில் வெடிப்புத் தேடும் மீயொலிக் கருவியால் சோதித்தார். 1958இல் அவரும் சகாக்களும் லான்செற் இதழில் எழுதிய கட்டுரையின் தலைப்பே வயிற்றுக் கட்டிகளைப் பற்றியதுதான். தீராத புற்றுநோய் எனக் கைவிடப்பட்ட பெண்ணொருவருக்கு இருந்தது சூலக நீர்க்கட்டியே என்பதை அக்கருவி காட்டிக்கொடுத்தது.

நண்பரின் குழந்தைக்கு வரக்கூடிய ஆபத்துப் புற்றன்று, இரத்தம். இக்கழலை பெருத்து, இரத்தக் குழாய்கள் நிறைந்ததாயின் சிசுவின் இரத்தத்தைத் தன்பக்கம் இழுக்கும். சிறிய இருதயம் இரட்டிப்பாக உழைத்துக் களைக்கும். உடலெங்கும் நீர் கோக்கும். ஆகவேதான் டொப்ளர் முறையால் இரத்த ஓட்டத்தைத் திரும்பத் திரும்ப அளக்கிறார்கள். கழலை இடுப்புக்குள் எவ்வளவு தூரம் புகுந்துள்ளது என்பதை எக்ஸ் கதிர் இல்லாத எம்.ஆர்.ஐ. காட்டும். பெரிய கழலை பிரசவத்தில் கிழிந்து இரத்தம் பெருகலாம் என்பதால் சிசேரியனே வழக்கம். பிறந்தபின் வால் எலும்பையும் சேர்த்தே அகற்றுவார்கள். அதை விட்டுவைத்தால் கழலை மீண்டும் வளரும் வாய்ப்பு அதிகம். பின்னர் சில ஆண்டுகள் கண்காணிப்பு.

எல்லாக் கருக்கழலைகளும் ஒன்றல்ல. இருதயத்தில் தோன்றும் ரப்டோமயோமா பிறந்தபின் பெரும்பாலும் தானே சுருங்கும். ஆனால் மூளையையும் பாதிக்கும் ஒரு பரம்பரை நோயின் முதல் அறிகுறியாகவும் அது இருக்கலாம். "எந்த வகை, எங்கே, இருதயம் எப்படி உள்ளது" என்று கேட்காமல் வீடு திரும்பக் கூடாது. வைத்தியசாலையில் மொழிபெயர்ப்பாளரைக் கேளுங்கள். பாடசாலை செல்லும் பிள்ளையை அந்தக் கதிரையில் அமர்த்தாதீர்கள்.

அன்று வைத்தியர் ஒரு வாக்கியத்தை மெதுவாகச் சொன்னார்: இருதயம் தளர்ந்தால் குழந்தை கருப்பையிலேயே இறக்கவும் கூடும். "அதை மட்டும் சொல்லாதேங்கோ, அண்ணை" என்றார் கணவர் தாழ்ந்த குரலில். பல்லாண்டு விரிவுரை செய்த நாக்கு எனக்கு அப்போது எழவில்லை. பிறகு சொன்னேன். அந்தப் பெண் சிறிது நேரம் சுவரைப் பார்த்திருந்தாள்.

"அடுத்த ஸ்கான் எந்த நாள் எண்டு கேளுங்கோ" என்றாள்.