குழந்தைகளுக்கு ஓட்டு இல்லை. யார் பதில் சொல்வது?

எங்கள் இரவு வகுப்பில் ஒருநாள் செய்தித்தாள் படித்துக்கொண்டிருந்தோம். ஓர் அக்கா எழுத்துக் கூட்டி ஒரு தலைப்பைப் படித்தார்.

"மகளிர் மற்றும் குழந்தைகள் மேம்பாட்டு அமைச்சர் மக்களவையில் பதில்."

படித்து முடித்ததும் சிரித்தார். பிறகு சிரிப்பு நின்றது.

"ஏன் தங்கச்சி, இந்த அமைச்சருக்கும் எனக்கும் என்ன சம்பந்தம்? நம்ம தெரு அங்கன்வாடியிலே தராசு உடைஞ்சு நாலு மாசம் ஆச்சு. என் சின்னவன் எடை கூடுறானா, குறையுறானா, ஒண்ணும் தெரியலை. எனக்கு இந்த ஊரிலே ஓட்டுகூட இல்லை. எனக்கு அவர் எதுக்குப் பதில் சொல்லணும்?"

நாங்கள் பிழைப்புக்காக வேறு மாநிலத்துக்கு வந்த தமிழ்க் குடும்பங்கள். கட்டட வேலை, வீட்டு வேலை செய்கிறோம். அக்கா கேட்ட கேள்வி எல்லோருக்கும் பொருந்தும். அன்று என்னால் சரியாகப் பதில் சொல்ல முடியவில்லை. பல பேரிடம் கேட்டேன். படித்தேன். தெரிந்துகொண்டதை இங்கே எழுதுகிறேன்.

அமைச்சர் என்பவர் யார்?

நாம் தேர்தலில் ஓட்டுப் போடுகிறோம். நாடாளுமன்ற உறுப்பினரைத் தேர்ந்தெடுக்கிறோம். மக்களவையில் பெரும்பான்மை உள்ள கட்சி அல்லது கூட்டணி ஆட்சி அமைக்கிறது. பிரதமர் அமைச்சர்களைத் தெரிவு செய்கிறார். குடியரசுத் தலைவர் அவர்களை நியமிக்கிறார். ஒவ்வோர் அமைச்சருக்கும் ஒரு துறை அல்லது சில துறைகள் தரப்படுகின்றன.

அமைச்சர் என்ன வேலை செய்கிறார்? துறைக்கு வேண்டிய திட்டங்களை முடிவு செய்கிறார். அதற்குப் பணம் கேட்கிறார். புதிய சட்டம் தேவையானால் மசோதா கொண்டுவருகிறார். அதிகாரிகள் வேலையைச் சரியாகச் செய்கிறார்களா என்று பார்க்கிறார். சபையில் உறுப்பினர்கள் கேட்கும் கேள்விக்குப் பதில் சொல்கிறார்.

நமது அரசியல் சட்டத்தின் 75-ஆம் பிரிவு, அமைச்சரவை முழுவதும் மக்களவைக்குக் கூட்டாகப் பொறுப்பு என்று சொல்கிறது. மக்களவை நம்பிக்கை இழந்தால் அமைச்சரவை பதவியில் இருக்க முடியாது. மாநிலத்தில் அமைச்சரவை சட்டமன்றத்துக்குப் பொறுப்பு.

பொறுப்பு என்றால் என்ன?

ஒரு பழைய செய்தியைச் சொல்கிறேன். 1956 நவம்பர் மாதம். தமிழ்நாட்டில் அரியலூர் அருகே பெருமழை. வெள்ளத்தில் ரயில் பாலம் சேதமடைந்தது. ரயில் கவிழ்ந்தது. நூற்றுக்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள்.

அப்போது ரயில்வே அமைச்சர் லால் பகதூர் சாஸ்திரி. அவர் அந்த ரயிலை ஓட்டவில்லை. பாலத்தைக் கட்டவும் இல்லை. ஆனாலும் துறைக்குத் தாமே பொறுப்பு என்று பதவி விலகினார்.

கீழே உள்ளவர் செய்த தவறுக்கு மேலே உள்ளவரும் பதில் சொல்ல வேண்டும். தவறைத் திருத்த வேண்டும். மறுபடி நடக்காமல் பார்க்க வேண்டும். அமைச்சரின் பொறுப்பு என்பது இதுதான்.

குழந்தைகளுக்கு எந்த அமைச்சர்?

டெல்லியில் மகளிர் மற்றும் குழந்தைகள் மேம்பாட்டு அமைச்சகம் இருக்கிறது. இது 1985-இல் ஒரு துறையாகத் தொடங்கியது. 2006 ஜனவரி 30 முதல் தனி அமைச்சகம் ஆனது. 2024 ஜூன் மாதம் அன்னபூர்ணா தேவி இதன் அமைச்சராகப் பொறுப்பேற்றார்.

மாநிலத்திலும் இதற்கு ஓர் அமைச்சர் உண்டு. சில மாநிலங்களில் சமூக நலத்துறை என்பார்கள். சில மாநிலங்களில் பெண்கள், குழந்தைகள் நலத்துறை என்பார்கள். பெயர் வேறு. வேலை ஏறக்குறைய ஒன்றே.

குழந்தையின் எல்லாத் தேவையும் ஒரே அமைச்சரிடம் இல்லை. பள்ளிக்கூடம் கல்வி அமைச்சரிடம். மருத்துவமனை சுகாதார அமைச்சரிடம். குழந்தைத் தொழிலாளர் சட்டம் தொழிலாளர் அமைச்சரிடம். அங்கன்வாடி, ஆதரவற்ற குழந்தைகளின் பாதுகாப்பு, தத்து கொடுப்பது ஆகியவை குழந்தைகள் அமைச்சரிடம்.

பிள்ளை வளர்ந்து இளைஞன் ஆனால்? அதற்கு இளைஞர் நலம், விளையாட்டுத் துறை அமைச்சர் இருக்கிறார். கல்லூரிகளில் உள்ள நாட்டு நலப்பணித் திட்டம் 1969-இல் தொடங்கியது. கிராமத்து இளைஞர்களுக்கான நேரு யுவ கேந்திரா 1972-இல் தொடங்கியது. 'மேரா யுவ பாரத்' என்ற அமைப்பு 2023 அக்டோபர் 31 அன்று தொடங்கப்பட்டது. இவையெல்லாம் அந்தத் துறையின் வேலை.

பெற்றோர் இல்லாமல் அரசு இல்லத்தில் வளரும் பிள்ளை 18 வயதில் வெளியே வருகிறது. அந்த வயதில் யாரும் இல்லாமல் தெருவில் நிற்கலாமா? கூடாது. 21 வயது வரை படிப்புக்கும் தொழிலுக்கும் உதவி செய்யச் சட்டத்தில் இடம் இருக்கிறது. இது குழந்தைகள் துறையின் வேலை.

அங்கன்வாடிக்குப் பணம் எங்கிருந்து?

அங்கன்வாடித் திட்டம் 1975 அக்டோபர் 2 அன்று 33 வட்டாரங்களில் தொடங்கியது. இன்று நாடு முழுவதும் சுமார் 14 லட்சம் அங்கன்வாடிகள் உள்ளன. சத்துணவு, தடுப்பூசி, உடல் பரிசோதனை, எடை பார்ப்பது, ஆடிப்பாடிக் கற்பது எல்லாம் அங்கே நடக்க வேண்டும்.

பெரும்பாலான மாநிலங்களில் சத்துணவுச் செலவில் பாதியை மத்திய அரசு தருகிறது. மறுபாதியை மாநில அரசு தருகிறது. ஊழியர்களை நியமிப்பதும் மையத்தை நடத்துவதும் மாநில அரசு. ஆகவே டெல்லி அமைச்சரும் பொறுப்பு. மாநில அமைச்சரும் பொறுப்பு. ஒருவர் மற்றவரைக் கைகாட்டிவிட்டு ஒதுங்க முடியாது.

2017-இல் ஒரு குழந்தையின் உணவுக்கு நாள் ஒன்றுக்கு 8 ரூபாய் என்று நிர்ணயித்தார்கள். மிகவும் மெலிந்த குழந்தைக்கு 12 ரூபாய். விலைவாசி நமக்குத் தெரியும். அதன் பிறகு காய்கறி, பருப்பு, எண்ணெய் எல்லாம் ஏறிவிட்டன. இந்த அளவை உயர்த்துவோம் என்று 2025 பிப்ரவரியில் பட்ஜெட் படித்தபோது நிதியமைச்சர் அறிவித்தார். அறிவிப்பு வந்தால் போதாது. குழந்தையின் தட்டில் வந்து சேர்ந்ததா என்று கேட்க வேண்டியது நாம்.

அங்கன்வாடி ஊழியரைத் திட்டுவதில் பயன் இல்லை. அவருக்கு முழுச் சம்பளம் கிடையாது. மதிப்பூதியம்தான். 2018 அக்டோபர் முதல் மத்திய அரசு நிர்ணயித்தது மாதம் 4,500 ரூபாய். மாநிலங்கள் மேலும் கொஞ்சம் சேர்த்துத் தருகின்றன. தராசு உடைந்தால் அவர் கைக்காசில் வாங்க முடியுமா?

இது தர்மம் அல்ல, உரிமை

2013-இல் தேசிய உணவுப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. ஆறு மாதம் முதல் ஆறு வயது வரை உள்ள ஒவ்வொரு குழந்தைக்கும் அங்கன்வாடி மூலம் இலவச உணவு தர வேண்டும் என்று அது சொல்கிறது. கர்ப்பிணிக்கும் பாலூட்டும் தாய்க்கும் உணவு உண்டு. உணவு தராவிட்டால் அதற்கு ஈடாகப் பணம் தர வேண்டும். இதைக் கேட்க மாவட்டத்தில் குறைதீர் அலுவலர் இருக்க வேண்டும். மாநிலத்தில் உணவு ஆணையம் இருக்க வேண்டும்.

ஒவ்வொரு குழந்தைக்கும் என்று சட்டம் சொல்கிறது. அந்த ஊரில் ஓட்டு உள்ளவரின் குழந்தைக்கு என்று சொல்லவில்லை.

2006 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் இன்னொன்று சொன்னது. ஒரு குடியிருப்பில் ஆறு வயதுக்குட்பட்ட 40 குழந்தைகளாவது இருந்து அங்கே அங்கன்வாடி இல்லை என்றால் மக்கள் கேட்கலாம். கேட்ட மூன்று மாதத்துக்குள் அமைத்துத் தர வேண்டும்.

கண் மூடினால் என்ன ஆகும்?

பீகார் மாநிலம் முசாபர்பூரில் சிறுமிகளுக்கான இல்லம் ஒன்று இருந்தது. ஒரு தொண்டு நிறுவனம் அரசுப் பணத்தில் அதை நடத்தியது. பெற்றோரைப் பிரிந்த சிறுமிகள் அங்கே இருந்தார்கள். காப்பாற்ற வேண்டிய இடத்திலேயே அவர்களுக்குப் பாலியல் கொடுமை நடந்தது.

டாடா சமூக அறிவியல் நிறுவனம் மாநிலத்தில் உள்ள இல்லங்களை ஆய்வு செய்தது. 2018-இல் அறிக்கை கொடுத்தது. அதன் பிறகே உண்மை வெளியே வந்தது. முக்கியக் குற்றவாளியோடு மாநில சமூக நலத்துறை அமைச்சரின் கணவருக்குத் தொடர்பு என்ற குற்றச்சாட்டு எழுந்தது. அமைச்சர் மறுத்தார். ஆனாலும் 2018 ஆகஸ்டில் பதவி விலகினார். வழக்கு டெல்லி நீதிமன்றத்துக்கு மாற்றப்பட்டது. 2020 ஜனவரியில் 19 பேர் குற்றவாளிகள் என்று தீர்ப்பு வந்தது.

அந்தச் சிறுமிகளுக்கு ஓட்டு இல்லை. வெளியே போய்ச் சொல்ல வழியும் இல்லை. யாராவது உள்ளே போய்ப் பார்த்திருக்க வேண்டும். உரிய காலத்தில் பார்க்கவில்லை. பார்க்கச் செய்வது அமைச்சரின் பொறுப்பு.

ஒவ்வொரு மாவட்டத்துக்கும் குழந்தைகள் நலக் குழு உண்டு. ஒரு தலைவர், நான்கு உறுப்பினர்கள். மாநில அரசு அதை அமைக்கிறது. ஆதரவின்றி நிற்கும் குழந்தையை 24 மணி நேரத்துக்குள் அந்தக் குழுவின் முன் கொண்டுபோக வேண்டும். குழந்தை ஆபத்தில் இருப்பதைப் பார்த்தால் 1098 என்ற எண்ணுக்குப் போன் செய்யுங்கள். காசு இல்லை. இரவிலும் பேசலாம். இந்தச் சேவை 1996-இல் மும்பையில் தொடங்கியது.

அமைச்சரை யார் கேட்பது?

நாடாளுமன்றம் கூடும்போது கேள்வி நேரம் உண்டு. உறுப்பினர் கேள்வி கேட்கிறார். அமைச்சர் எழுந்து பதில் சொல்கிறார். அதில் சந்தேகம் வந்தால் துணைக் கேள்வி கேட்கலாம். சில கேள்விகளுக்கு எழுத்தில் பதில் வரும். "செய்கிறேன்" என்று அமைச்சர் உறுதி தந்தால் அதையும் ஒரு குழு குறித்துக்கொள்கிறது. மூன்று மாதத்துக்குள் நிறைவேற்ற வேண்டும். மாநிலச் சட்டமன்றத்திலும் கேள்வி நேரம் உண்டு.

உறுப்பினருக்கு நம் தெரு தெரியுமா? நாம் சொன்னால்தான் தெரியும். அதனால்தான் எழுத்து வேண்டும்.

தராசு வந்த கதை

அக்கா சொல்லச் சொல்ல நான் தமிழில் எழுதினேன். மளிகைக் கடை அண்ணன் அதை இந்த மாநில மொழியில் எழுதித் தந்தார். இதுதான் மனு:

"எங்கள் அங்கன்வாடியில் எடை பார்க்கும் தராசு உடைந்து நான்கு மாதம் ஆகிறது. குழந்தைகளின் எடையைப் பார்க்க முடியவில்லை. உடனே புதிய தராசு தர வேண்டும். என்று தருவீர்கள் என்பதை எழுத்தில் தெரிவிக்க வேண்டும்."

அக்கா முதலில் கையெழுத்துப் போட்டார். முன்பு கைநாட்டு வைத்தவர் அவர். அவரைப் பார்த்து 22 பேர் கையெழுத்துப் போட்டார்கள். குழந்தை வளர்ச்சித் திட்ட அலுவலரிடம் கொடுத்தோம். ஒரு நகலில் தேதியும் முத்திரையும் போட்டு வாங்கிக்கொண்டோம். பதில் வராவிட்டால் மாவட்ட அலுவலர், பிறகு மாநில அமைச்சர், பிறகு தகவல் அறியும் உரிமைச் சட்டம் என்று வரிசையாக எழுதி வைத்துக்கொண்டோம். 2005-இல் வந்த அந்தச் சட்டப்படி 30 நாளில் பதில் தர வேண்டும்.

அவ்வளவு தூரம் போக வேண்டியிருக்கவில்லை. மூன்றாவது வாரம் தராசு வந்தது.

அக்காவின் சின்னவனை முதல் நாளே நிறுத்துப் பார்த்தார்கள். வயதுக்கு ஏற்ற எடை இல்லை. நிறையவே குறைவு. அக்கா அழுதுவிட்டார். அங்கன்வாடி ஊழியர் அவரை ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு அழைத்துப் போனார். இப்போது மாதம் தவறாமல் எடை பார்க்கிறார்கள். பையன் மெல்லத் தேறி வருகிறான்.

அந்தத் தராசு இன்னும் நான்கு மாதம் கழித்து வந்திருந்தால்?

அக்கா இப்போது அந்தக் கேள்வியைக் கேட்பதில்லை. வேறொன்று கேட்கிறார். "தங்கச்சி, அங்கன்வாடிக் கூரை ஒழுகுது. மழைக்கு முன்னாடி எழுதிடலாமா?"

பேசிப் பார்ப்போம்

1. உங்கள் ஊர் அங்கன்வாடியில் மாதம்தோறும் எடை பார்க்கிறார்களா?
2. உங்கள் மாநிலத்தில் குழந்தைகள் துறைக்கு அமைச்சர் யார்? அவர் பெயரை எழுதுங்கள்.
3. உங்கள் தெருவில் உள்ள ஒரு குறையை ஐந்து வரியில் மனுவாக எழுதுங்கள். கீழே நீங்களே கையெழுத்துப் போடுங்கள்.