புளியங்கொட்டையில் இத்தனை பயனா? பசையின் வேதியியல் சொல்லும் உண்மை

பெங்களூரு: பல்லாங்குழி ஆடவும் தாயம் உருட்டவும் பயன்பட்ட புளியங்கொட்டை, இன்று ஜவுளி ஆலைக்கும் கண் சொட்டு மருந்து தயாரிப்புக்கும் செல்கிறது. அதன் பருப்பில் உள்ள இயற்கைப் பசையே இதற்குக் காரணம்.

பெங்களூரு ஊரக மாவட்டம் தேவனஹள்ளி அருகே உள்ள நல்லூர் புளியந்தோப்பு, 2007-ஆம் ஆண்டு நாட்டின் முதல் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமாக அறிவிக்கப்பட்டது. புளி விளையும் பகுதிகளில் ஓட்டை உடைத்து, கொட்டையைத் தட்டி எடுத்த பின்னரே புளி சந்தைக்கு வருகிறது. சமையலறைக்குத் தேவைப்படாத அந்தக் கொட்டை, ஆலைக்கு மூலப்பொருளாகிறது.

பெக்டினா, மாவுச்சத்தா?

தோல் நீக்கிய பருப்பில் 46 முதல் 48 விழுக்காடு வரை கூழாக உறையும் பொருள் இருப்பதாக, இந்திய விஞ்ஞானிகள் டி.பி. கோஸ், எஸ். கிருஷ்ணா ஆகியோர் 1942-இல் அறிவித்தனர். சர்க்கரை சேர்த்தால் உறைந்ததால், பழக்கூழில் உள்ள பெக்டினுடன் இது ஒப்பிடப்பட்டது. அயோடின் பட்டால் நீல நிறம் காட்டுவதில் மாவுச்சத்தையும் ஒத்திருந்தது. ஆனால், அது இரண்டும் அல்ல. 'சைலோகுளுக்கான்' எனப்படும் பல்சர்க்கரை. பெக்டின் ஜெல்லிக்குப் பொதுவாகப் புளிப்பும் தேவை. இதற்குச் சர்க்கரையே போதும்.

மூன்று சர்க்கரைகளின் சங்கிலி

இப்பசையில் குளுக்கோஸ், சைலோஸ், கேலக்டோஸ் ஆகிய மூன்று சர்க்கரைகள் உள்ளன. குளுக்கோஸ் மூலக்கூறுகள் நீண்ட சங்கிலியாக அமைகின்றன. பஞ்சில் உள்ள செல்லுலோஸின் சங்கிலியும் இதே வகையானதே. செல்லுலோஸ் நீரில் கரையாது. புளியங்கொட்டைப் பசையோ நீரில் கலந்து குழம்பாகிறது. சங்கிலியிலிருந்து கிளைக்கும் சைலோஸும், அவற்றில் சிலவற்றின் நுனியில் அமர்ந்துள்ள கேலக்டோஸுமே இந்த வேறுபாட்டை உண்டாக்குகின்றன. சங்கிலிகள் ஒன்றோடொன்று நெருங்கி இறுகிவிடாமல் இக்கிளைகள் தடுப்பதால், இடையே நீர் புகுந்து தங்குகிறது.

நொதியைக் கொண்டு கேலக்டோஸில் ஒரு பகுதியை நீக்கினால், சங்கிலிகள் நெருங்கி, சர்க்கரை இல்லாமலேயே பசை உறைகிறது. கொத்தவரை இனத்தைச் சேர்ந்த குவார் விதைப் பசைக்கும் கிளைகளே குணம் தருகின்றன. அதில் 2 பங்கு மேனோஸுக்கு ஏறத்தாழ 1 பங்கு கேலக்டோஸ் உள்ளது.

தூய்மைக்கேற்ற பயன்

பருப்பை அரைத்த மாவில் பசையுடன் புரதமும் எண்ணெயும் கலந்திருக்கும். எண்ணெய் இருப்பதால் நாள்பட்ட மாவில் சிக்கு வாடை வீசும். நூலுக்குக் கஞ்சியிடவும், துணி அச்சிடவும் இந்த மாவே போதுமானது. உணவுக்கும் மருந்துக்கும் தூய பசை வேண்டும். இதற்காக மாவை நீரில் கொதிக்கவைத்து, வடித்த நீரில் ஆல்கஹால் சேர்த்துப் பசையைப் பிரிக்கின்றனர். கண்ணீரின் வழுவழுப்பைத் தரும் மியூசினைப் போல ஈரத்தைப் பிடித்து வைப்பதால், கண் வறட்சிக்கான சொட்டு மருந்துகளில் இது சேர்க்கப்படுகிறது.

பசை பயனுள்ளது என்பதற்காகக் கொட்டையைத் தோலுடன் உண்பது நல்லதல்ல. தோலில் உள்ள டானின் மலச்சிக்கலை உண்டாக்கக்கூடும்.

கொட்டையாக விற்பதைவிட மாவாக்கினால் மதிப்பு அதிகம். தூய பசையாகப் பிரித்தால் இன்னும் அதிகம். அந்த மதிப்பில் புளி தட்டுவோருக்கும் பங்கு கிடைக்குமா என்பது, பதப்படுத்தும் பணி எங்கு, யாரால் நடைபெறுகிறது என்பதைப் பொறுத்தே அமையும்.