பீங்கானைக் காக்கும் திருகாணி

அறுவைக் கருவியின் மூட்டிடுக்கில் உறைந்த குருதி தூரிகைக்கு எட்டாது; அது எஞ்சினால் கிருமி நீக்கமும் பொய்க்கும். ஆங்கும் புகவல்லது செவிக்கெட்டாத ஒலி. தொட்டியின் அடியிற் பொருத்திய அதிர்வூட்டி விநாடிக்கு 40,000 முறை அதிர, நீரில் நுண்குமிழிகள் தோன்றி நொறுங்கி அழுக்கைப் பெயர்க்கின்றன.

அதிர்வூட்டியின் உயிர்நாடி, மின்னழுத்தம் மாறுந்தோறும் நீண்டு சுருங்கும் பீங்கான் வளையங்களே. 1880இல் கியூரி சகோதரர்கள் படிகத்தை அழுத்தி மின்சாரம் கண்டனர். மறு ஆண்டே, மின்சாரத்தால் படிகம் உருமாறுவதையும் மெய்ப்பித்தனர்.

ஆயினும் பீங்கான் அமுக்கத்தைத் தாங்கும். இழுத்தாலோ எளிதில் உடையும். எனவே, வளையங்களை இரு உலோகத் துண்டுகளுக்கிடையே வைத்துத் திருகாணியால் முன்னரே இறுக்குவர். பின்னர் எழும் இழுப்பு அவ்வமுக்கத்தைச் சற்றுக் குறைக்குமேயன்றிப் பீங்கானைப் பிளக்காது.

பொருளின் வலிமையோடு அதன் மென்மையையும் அறிந்து துணைசெய்வதே நல்ல வடிவமைப்பு என்பேன்.