மாடு தின்பது என்ன?

மதுரைக் கடைகளில் 'ஆர்கானிக்' என்று எழுதிய பால் பாட்டிலுக்குக் கூடுதல் விலை கொடுக்கிறோம். அந்தச் சொல்லுக்கு ஊருக்கு ஊர் பொருள் வேறு. அமெரிக்காவில் 2010-இல் வந்த விதிப்படி, மாடு ஆண்டுக்கு 120 நாளாவது மேய வேண்டும். ஒருமுறை ஆன்டிபயாட்டிக் போட்டுவிட்டால் அதன் பால் அப்புறம் ஆர்கானிக் ஆகாது. ஐரோப்பாவிலோ அந்த மருந்துக்கு அளவோடு இடமுண்டு. மருந்துக்குப் பின் பாலை ஒதுக்கிவைக்கும் நாட்கள்தான் வழக்கத்தைப் போல் இரண்டு மடங்கு. நம் நாட்டில் 2017-இல் வந்த விதிகள் சான்றிதழ் கேட்கின்றன. சிறு உற்பத்தியாளரே நேரடியாக விற்றால் விலக்கும் தருகின்றன.

மேய்ச்சல் நாளை எண்ணும் அளவுகோல் மதுரைச் சமவெளிக்குப் பொருந்தாது. இங்கே மந்தையாக மேய்வது புலிக்குளம் மாடு; அதை வளர்ப்பது கிடை போடவும் ஜல்லிக்கட்டுக் காளைக்காகவும்தான், பாலுக்காக அல்ல. மேலூரிலும் உசிலம்பட்டியிலும் கறவை மாடு பெரும்பாலும் கட்டுத்தறியில் வைக்கோலும் தவிடும் பிண்ணாக்கும் பருத்திக்கொட்டையும் தின்று கறக்கிறது. ஆகவே இங்கே கேட்க வேண்டியது தீவனத்தைப் பற்றி. ஈரம் பட்ட மூட்டையின் அடியில் கடலைப் பிண்ணாக்கு கட்டிதட்டிப் பச்சையாகப் பூத்திருக்கும். அந்தப் பூஞ்சணத்தின் நஞ்சு, மாட்டின் ஈரல் வழியாக அஃப்ளாடாக்சின் எம்1 ஆகிப் பாலில் இறங்குகிறது. உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2018-இல் நாடு முழுக்கச் சோதித்த 6,432 மாதிரிகளில் கலப்படம் என்று சிக்கியவை 12தான். தமிழ்நாட்டின் 551 மாதிரிகளில் மட்டும் இந்த நஞ்சு வரம்பு மீறியவை 88. எண்ணிக்கையில் நாட்டிலேயே நாம்தான் முதலிடம். அந்த வரம்பும் கிலோவுக்கு 0.5 மைக்ரோகிராம், ஐரோப்பா அனுமதிப்பது அதில் பத்தில் ஒரு பங்கு.

ஆர்கானிக் தீவனம் போட்டால் தீர்ந்துவிடாதா என்று கேட்கலாம். தீராது, உரம் போடாமல் விளைந்த கடலையிலும் பூஞ்சணம் பிடிக்கும். நாட்டு மாட்டுப் பால் என்று வாங்கினாலும் தீராது; நாட்டு மாடு என்பது இனத்தின் பெயர், வளர்ப்பு முறையின் பெயரல்ல. காய்ச்சினாலும் இந்த நஞ்சு போகாது. தீவன மூட்டையை ஈரம் படாமல் காப்பது விவசாயி தலையில் இன்னொரு செலவா என்ற கேள்வி மட்டும் நியாயமானது. கொழுப்புக்கும் இதர சத்துக்கும் அளந்து விலை போடுகிற பால் சொசைட்டி, நஞ்சில்லாத பாலுக்கும் லிட்டருக்குச் சில ரூபாய் கூட்டித் தந்தால் மூட்டைக்கு அடியில் பலகை தானாக வந்துவிடும். அதுவரை, கூடுதல் விலை கேட்பவரிடம் பிண்ணாக்கை எங்கே வைத்திருக்கிறார், பாலை எப்போது சோதித்தார் என்று கேட்டுவிட்டுப் பணம் கொடுங்கள்.