விரைவிணைப்பியும் அமுக்க எண்ணெயும்: மாத்தளை மாவட்ட நோக்கில் ஒரு விளக்கம்

மாத்தளை மாவட்டத்தின் பொருளாதார வாழ்வு இருவேறு நிலப்பரப்புகளின் மீது அமைந்ததாகும். தெற்கே இறத்தோட்டை, உக்குவளைப் பகுதிகளின் மலைச்சரிவுகளில் தேயிலை, இறப்பர், கொக்கோ, வாசனைத் திரவியங்கள் முதலியன பயிராகின்றன. வடக்கே கலேவெல, தம்புள்ளைப் பகுதிகள் உலர்வலயத்தைச் சார்ந்தவை. நெல்லும் வெங்காயமும் மரக்கறியும் அங்கே விளைகின்றன. இவ்விரு பகுதிகளிலும் மனித உழைப்பின் இடத்தை உழவு இயந்திரமும் மண் அகழும் பொறியும் படிப்படியாகப் பெற்று வந்துள்ளன. அம்பன் கங்கையின் குறுக்கே எழுப்பப்பட்டு 2018இல் திறந்துவைக்கப்பட்ட மொரகஹகந்த அணைக்கட்டு போன்ற பெருவேலைகள் இத்தகைய பொறிகளின்றி நிறைவேறியிரா.

இப்பொறிகள் சுமையைத் தூக்கும் வலிமை, விரற்பருமனான சில குழாய்களினூடாகச் செல்லும் எண்ணெயின் அமுக்கத்திலேயே தங்கியுள்ளது. அக்குழாய்களைத் தேவைக்கேற்பப் பொருத்தவும் பிரிக்கவும் உதவும் சிறு கருவியே விரைவிணைப்பி. வேலைத்தலங்களில் அது கப்ளிங் என்றே வழங்கப்படுகின்றது. அதன் அமைப்பையும், தொழிலாளரின் பாதுகாப்போடு அதற்குள்ள தொடர்பையும் விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

அமுக்கத்தின் வலிமை

அடைபட்ட திரவத்தின் ஓரிடத்திற் கொடுக்கப்படும் அமுக்கம் எல்லாத் திசைகளிலும் சமமாகப் பரவும் என்பதை 17ஆம் நூற்றாண்டிலே பாஸ்கல் நிறுவினார். இத்தத்துவத்தின் அடிப்படையில் 1795இல் இங்கிலாந்தில் யோசப் பிரமா நீரியல் அழுத்திக்குக் காப்புரிமை பெற்றார். இன்றைய உழவு இயந்திரத்தின் எண்ணெய்க் குழாய்களில் 150 முதல் 200 பார் வரையிலான அமுக்கம் நிலவுவது வழக்கம். 10 சென்ரிமீற்றர் விட்டமுள்ள ஓர் உருளையினுள் 150 பார் அமுக்கத்தில் எண்ணெய் செலுத்தப்படுமாயின், அதன் முசலம் ஏறக்குறைய 12 தொன் சுமையைத் தூக்கவல்லதாகும். இழுவைப் பெட்டியிலுள்ள மணலும் கல்லும் ஒரு நெம்புகோலின் அசைவுக்குச் சரிவது இதனாலேயே.

இணைப்பியின் அமைப்பு

இழுவைப் பெட்டியைக் கழற்றி வேறொரு கருவியை மாட்டும்போது குழாய்களையும் கழற்ற வேண்டும். திருகாணி முறையிற் பொருத்தப்பட்ட குழாயைக் கழற்றினால் எண்ணெய் வெளியே கொட்டும்; தூசு உள்ளே நுழையும். இவ்விரு குறைகளையும் நீக்கவே விரைவிணைப்பி தோன்றிற்று.

அது இரு பாதிகளைக் கொண்டது. ஒன்று நுழையும் பாதி. மற்றையது ஏற்கும் பாதி. ஒவ்வொன்றினுள்ளும் சுருளிவில்லால் அழுத்தப்பட்ட ஒரு வால்வு உண்டு. பிரிந்திருக்கும்போது வால்வுகள் இரண்டும் தத்தம் வாயை அடைத்து நிற்கும். பாதிகளை ஒன்றினுள் ஒன்றாகத் தள்ளும்போது முதலில் இறப்பர் வளையம் இடைவெளியை அடைக்கின்றது; அதன் பின்னரே வால்வுகள் ஒன்றையொன்று தள்ளி வழிதிறக்கின்றன. இறுதியில் ஏற்கும் பாதியிலுள்ள சிறு உருக்குக் குண்டுகள் நுழையும் பாதியின் தவாளிப்பில் இறங்க, அவற்றின் மேலாக நகரும் உறைவளையம் அவற்றைப் பூட்டிவிடுகின்றது. இவ்வொழுங்கு முறையே அதன் உயிர்நாடி எனலாம்.

பழைய வகையிலே வால்வின் நுனி கூம்பாக இருத்தலாற் கழற்றும்போது சில துளி எண்ணெய் சிந்தும். தட்டைமுக வகையில் இரு முகங்களும் ஒட்டி நிற்பதாற் சிந்துவது மிக அற்பமே. துடைத்துத் துப்புரவாக்குவதும் எளிது. மரக்கறித் தோட்டத்து மண்ணையும் வாய்க்கால் நீரையும் கருதுமிடத்து இது சிறிய நன்மையன்று. சர்வதேச நியம நிறுவனம் இவ்வகைகளுக்குத் தனித்தனி நியமங்களை வகுத்துள்ளது. ஒரே அளவினவாகத் தோன்றினும் வெவ்வேறு வகைப் பாதிகள் ஒன்றோடொன்று பொருந்தா என்பது நினைவிற் கொள்ளத்தக்கது.

இறப்பர் வளையம்

உயர் அமுக்கத்தைத் தடுத்து நிற்பது சில மில்லிமீற்றர் தடிப்புள்ள வளையமே. ஓ-றிங் எனப்படும் இதற்கு, டென்மார்க்கிற் பிறந்து அமெரிக்காவிற் குடியேறிய நீல்ஸ் கிறிஸ்டென்சன் 1937இல் விண்ணப்பித்து 1939இல் காப்புரிமை பெற்றார். அமுக்கம் கூடுந்தோறும் எண்ணெயே வளையத்தை இடைவெளியின் பக்கமாகத் தள்ளி அதனை மேலும் இறுக்குகின்றது. தப்ப முயலும் பொருளே தன் வழியை அடைத்துக்கொள்கின்றது என்பது இதன் நுட்பம்.

இங்கு ஒரு முரண்பாடு நோக்கற்பாலது. மாத்தளை இறப்பர் விளையும் மாவட்டம். ஆயினும் இம்மண்ணின் மரத்திற் சுரக்கும் பாலினாற் செய்த வளையம் கனிய எண்ணெயைத் தாங்காது. இயற்கை இறப்பரும் கனிய எண்ணெயும் ஐதரோகாபன் இனத்தவையாதலால், வளையம் எண்ணெயை உறிஞ்சி ஊதி மென்மையடைந்து சிதைந்துவிடும். ஆகவே 1930களில் ஜெர்மனியில் உருவான நைத்திரைல் செயற்கை இறப்பரே இங்கு பயன்படுகின்றது. மறுபுறம், கிளைக்கோல் அடிப்படையிலான தடுப்புத் திரவத்துக்கு நைத்திரைல் ஒவ்வாது. எனவே ஒரே தோற்றமுடைய இரு வளையங்களை மாறிப் பொருத்துதல் மலைப்பாதையில் உயிராபத்தாக முடியலாம்.

வெயிலும் விரலும்

கழற்றப்பட்ட குழாயினுள் எண்ணெய் அடைபட்டிருக்கும். விறைப்பான கொள்கலத்தில் நிறைந்த எண்ணெயின் வெப்பநிலை ஒரு பாகை சென்ரிகிறேட் உயர்ந்தால் அமுக்கம் ஏறக்குறைய 10 பார் உயரும். குழாய் சற்று விரிவதால் இது குறையுமெனினும், தம்புள்ளையின் நண்பகல் வெயிலிற் கிடக்கும் கருவியில் அமுக்கம் வெகுவாக ஏறிவிடும். வால்வின் முகப்பரப்பு ஒரு சதுர சென்ரிமீற்றர் எனக் கொண்டால், 100 பார் அமுக்கம் 100 கிலோகிராம் நிறைக்குச் சமமான விசையோடு அதனை அடைத்து நிற்கும். கையாற் பொருத்த இயலாதபோது சுத்தியலால் வால்வைத் தட்டுவதும் இணைப்பைத் தளர்த்துவதும் நிகழக்கூடும். பேராபத்து அங்கேயே உள்ளது.

ஊசித்துளை வழியாகப் பீறிடும் எண்ணெய் தோலைத் துளைத்து உட்செல்லும். வெளியிற் காணப்படுவது முட்குத்துப் போன்ற சிறு புள்ளியே. ஆரம்பத்தில் வலியும் குறைவாயிருக்கலாம். ஆனால் உள்ளே இழையங்கள் அழியத் தொடங்கும். சில மணி நேரத்துள் சத்திரசிகிச்சை கிடையாவிடின் விரலையோ கையையோ இழக்க நேரலாம். ஆதலாற் கசிவை ஒருபோதும் விரலாற் தேடலாகாது. கடதாசி அட்டைத் துண்டொன்றையே பயன்படுத்த வேண்டும். கழற்றுமுன் கருவியை நிலத்தில் இறக்கி, இயந்திரத்தை நிறுத்தி, நெம்புகோல்களை முன்னும் பின்னும் அசைத்து அமுக்கத்தை வெளியேற்ற வேண்டும். பின்னர் இரு பாதிகளையும் துடைத்துத் தூசுமூடியால் மூட வேண்டும்.

இவ்விதிகள் பொறிகளோடு வரும் கைநூல்களில் உள்ளவையே. ஆனால் அக்கைநூல்கள் பெரும்பாலும் ஆங்கிலத்திலேயே அச்சிடப்பட்டுள்ளன. பொறியை இயக்குபவனோ தமிழையோ சிங்களத்தையோ வாசிப்பவன். பொறி கடல் கடந்து வந்துள்ளது. அதன் எச்சரிக்கை துறைமுகத்திலேயே நின்றுவிட்டது. விலையுயர்ந்த பொறியைக் காக்கும் அறிவு முதலாளிக்கு எட்டுவதுபோல, விரலைக் காக்கும் அறிவு தொழிலாளிக்கும் எட்டுதல் வேண்டும். எனவே இத்துறைசார் சொற்களை வேலைத்தல வழக்கோடு ஒட்டி ஆக்குவதும், பாதுகாப்பு விதிகளை இரு மொழிகளிலும் எழுதிப் பொறியின் பக்கத்திலேயே ஒட்டச் செய்வதும் பல்கலைக்கழகங்களும் தொழிற்சங்கங்களும் கூடி ஆற்றவேண்டிய பணியாகும் என்பதே எமது கருத்து.